எந்தப் பக்கத்திலிருந்து ஆள் எடுக்கிறோம்?



இந்த மாதம் ஒரு காரியத்தைக் குறித்து உங்களோடு பேச ஆவியானவர் என்னை ஏவுகிறார். அபிஷேகம், ஆவியின் வரங்கள், கடைசி கால அடையாளங்கள் இவைகளைக் குறித்து நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். ஸ்தோத்திரம்! ஆனால் ஊழியத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்பது அபூர்வம். "அதெல்லாம் நிர்வாகம், பாஸ்டர் பார்த்துக்குவாரு" என்று விட்டுவிடுகிறோம். பிறகு ஒரு நாள் சபை இரண்டாய்ப் போய் நிற்கிறது. உபதேச வித்தியாசத்தால் உடைந்த சபைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காணிக்கைப் பெட்டிச் சாவி யாரிடம், வாலிபர் கூட்டத்துக்கு யார் லீடர், ஆராதனையில் மைக் யார் கையில் என்ற இடத்தில் உடைந்த சபைகள்தான் நான் பார்த்ததில் அதிகம். இந்தக் காலத்தில் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் யார் என்பதிலேயே மனஸ்தாபம் வருகிறது. சிரிக்கிறீர்கள், ஆனால் நடக்கிறது.

அப்போஸ்தலர் 6-ம் அதிகாரம் முதல் 7 வசனங்களை ஒரு தரம் வாசித்துவிட்டு வாருங்கள். வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டே படித்தால் இன்னும் நலம்.

எருசலேம் சபை எப்பேர்ப்பட்ட சபை! மேல் வீட்டறையில் அக்கினி இறங்கின சபை. ஒரே நாளில் ஏறக்குறைய 3000 ஆத்துமாக்கள் சேர்க்கப்பட்ட சபை. சொத்தை விற்று அப்போஸ்தலர் பாதத்தில் வைத்த சபை. அந்தச் சபையில் முறுமுறுப்பு! கிரேக்கு பாஷை பேசுகிற யூதர் ஒரு பக்கம், எபிரெயர், அதாவது உள்ளூர்க்காரர், மறு பக்கம். என்ன பிரச்சனை? வசனத்தை நன்றாய்க் கவனியுங்கள். உபதேசம் இல்லை, ஞானஸ்நானம் இல்லை. கிரேக்கு பாஷைக்கார விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு ஒழுங்காய் வந்து சேரவில்லை. ஒரு வயசான தாய் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பார்க்கிறாள், பாத்திரம் அவள் வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. அவ்வளவுதான்.

ஏன் தாண்டிப் போனது? வேதம் காரணத்தைச் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்தார்கள் என்றும் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள். நம்ம ஊர் பாட்டி எந்தச் சந்தில் இருக்காங்க, மாத்திரை என்ன சாப்பிடுறாங்க, மருமகளோடு சண்டையா சமாதானமா, எல்லாம் நமக்குத் தெரியும். வேற பாஷை பேசுகிற பாட்டி எந்தத் தெருவில் இருக்காங்கன்னே நமக்குத் தெரியாது. கெட்ட எண்ணம் தேவையில்லை. பரிமாறுகிற கை எல்லாம் ஒரே பக்கத்துக் கையாய் இருந்தால் போதும், மறு பக்கத்து இலை காலியாய்த்தான் கிடக்கும்.

இப்போது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? "முறுமுறுக்கிறவர்களை எச்சரிக்கிறேன், இது பிசாசின் கிரியை" என்று பிரசங்கம் செய்தார்களா? இல்லை. 12 பேரும் சீஷர் கூட்டத்தை வரவழைத்து, நீங்களே 7 பேரைப் பார்த்து எடுங்கள் என்றார்கள். மூன்று அடையாளமும் கொடுத்தார்கள். வெளியில் நல்ல சாட்சி இருக்க வேண்டும், பரிசுத்த ஆவியினால் நிறைந்திருக்க வேண்டும், புத்தியும் இருக்க வேண்டும். சாப்பாடு பரிமாறுகிற வேலைக்கு அபிஷேகம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அழுகிற விதவையிடம் பொறுமையாய்ப் பேச மனுஷ பெலன் பத்தாது சகோதரரே! அதே சமயம், அந்நிய பாஷை பேசுகிறார், அதனால் ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிடலாம் என்றும் வேதம் சொல்லவில்லை. புத்தியும் வேண்டும். கணக்கு எழுதத் தெரியணும்.

சரி, யாரை எடுத்தார்கள்? ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. இந்தப் பெயர்களை நாம் வேகமாய் வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஏழும் கிரேக்குப் பெயர்! அப்போஸ்தலரிலும் அந்திரேயா, பிலிப்பு என்று கிரேக்குப் பெயர்காரர் இருந்தார்கள், அதனால் பெயரை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஏழுக்கு ஏழும் அப்படி வருவதும், ஏழாவது ஆள் நிக்கொலா பிறப்பிலே யூதனே அல்ல, அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்துக்கு வந்தவன் என்று லூக்கா குறிப்பாய் எழுதுவதும் ஒன்றைக் காட்டுகிறது. எந்தப் பக்கத்தில் வயிறு காய்ந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து ஆளை எடுத்தார்கள். ஆளுக்குப் பாதி என்று பங்கு வைக்கவில்லை. "நாங்க நாலு, நீங்க மூணு" என்று பேரம் பேசவில்லை. பெரும்பான்மையான உள்ளூர்ச் சபை, எபிரெய விதவைகளின் சாப்பாட்டையும் சேர்த்து அந்த ஏழு பேர் கையில் ஒப்புக்கொடுத்தது. அல்லேலூயா!

அடுத்த வசனம் என்ன? தேவ வசனம் பெருகிற்று, சீஷருடைய தொகை பெருகிற்று, ஆசாரியர்களிலே அநேகரும் விசுவாசத்துக்குள் வந்தார்கள் என்று இருக்கிறது. எழுப்புதலுக்காக 40 நாள் உபவாசம் போடுகிறோம், நல்லது, போடுங்கள். எருசலேமில் அந்தத் தரம் எழுப்புதல் பரிமாறுகிற ஆட்களை மாற்றினதற்குப் பின்னால் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சவுலின் சுற்று வட்டம்

இதற்கு நேர் எதிரான ஒரு தலைவனை வேதம் காட்டுகிறது. 1 சாமுவேல் 14-ம் அதிகாரம் கடைசி வசனம். சவுல் எப்படி ஆள் சேர்த்தான்? பலசாலி ஒருவனைக் கண்டால் உடனே தன்னிடத்தில் சேர்த்துக்கொள்வான். ஜெபமில்லை, விசாரிப்பில்லை, சோதித்துப் பார்ப்பதில்லை. ஆள் வாட்டசாட்டமாய் இருக்கிறானா, வா. நம்ம பாஷையில், குரல் நல்லாயிருக்கா, கீபோர்டு வாசிக்கத் தெரியுமா, கார் இருக்கா, வா.

இன்னும் எட்டு அதிகாரம் தள்ளிப் போங்கள். 22-ம் அதிகாரம் 7-ம் வசனம். கிபியாவில் சவுல் கையில் ஈட்டியோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான், ஊழியக்காரர் சுற்றி நிற்கிறார்கள். அவர்களை அவன் எப்படிக் கூப்பிடுகிறான் தெரியுமா? பென்யமீன் கோத்திரத்தாரே என்று. இஸ்ரவேலில் 12 கோத்திரம். ராஜாவைச் சுற்றி நிற்பவர்களை ராஜாவின் சொந்தக் கோத்திரப் பெயரைச் சொல்லியே கூப்பிட முடிகிறது! அவர்களிடம் என்ன கேட்கிறான்? தாவீது உங்களுக்கு வயலும் திராட்சத்தோட்டமும் கொடுப்பானோ, பதவி கொடுப்பானோ என்று. அப்படியானால் அதுவரை அவர்களைக் கட்டி வைத்திருந்தது எது? வயலும் பதவியும்தான். அப்படிச் சேர்த்த ஆட்கள் அவனுக்கு உண்மையைச் சொன்னார்களா? அவனே புலம்புகிறான், ஒருத்தனும் எனக்கு எதையும் அறிவிக்கவில்லையே என்று.

அந்தக் கூட்டத்திலிருந்து வாய் திறந்தவன் ஏதோமியனாகிய தோவேக்கு. சவுல் ஆசாரியர்களைக் கொல்லச் சொன்னபோது மற்ற சேவகர் கை நீட்டவில்லை. தோவேக்கு கை நீட்டினான். அன்றைக்கு 85 ஆசாரியர் செத்தார்கள். விசாரிக்காமல் சேர்த்த ஒரு பலசாலியால் கர்த்தருடைய ஊழியக்காரர் இரத்தம் சிந்தினார்கள். பிரியமானவர்களே, இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது நம்ம பக்கம் வருவோம். சேக்காடு, பட்டாபிராம், ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர், இந்தப் பக்கமெல்லாம் யார் இருக்கிறோம்? டேங்க் பேக்டரிக்கும், ராணுவத் துணி தைக்கிற ஓ.சி.எப்.புக்கும், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் வேலைக்கு வந்து தங்கினவர்கள் அநேகர். திருநெல்வேலிக்காரர், நாகர்கோவில்காரர், வட ஆற்காட்டுக்காரர், தெலுங்கு பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர். அதற்கு முன்னாலிருந்தே இங்கே ஏரிக்கரையிலும் காலனியிலும் இருக்கிற மண்ணின் ஜனங்கள். எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கைதட்டிப் பாடுகிறோம். ஸ்தோத்திரம்! ஆனால் பாடி முடித்தபின் கமிட்டி உட்காருகிற மேஜையைப் பாருங்கள். அநேக இடங்களில் அந்த மேஜையில் ஒரே ஜில்லா, ஒரே சொந்தம், சொல்ல வாய் கூசுகிறது, ஒரே ஜாதி. ஆராதனைக்குப் பாய் விரிக்கிற கை காலனிக் கை, கணக்கு எழுதுகிற கை மேஜைக் கை. எந்தச் சபையையும் பேர் சொல்லவில்லை. வாசிக்கிறவர்கள் அவரவர் மேஜையை எண்ணிப் பாருங்கள்.

"பாஸ்டர், தெரிஞ்சவங்களைத்தானே நம்ப முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிலை இந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்தே சொல்லுகிறேன். ஆவடி எச்.வி.எப்.பில் 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. அதில் நாலு பேர் போவார்கள். கமாண்டர், குண்டு சுடுகிற கன்னர், குண்டை எடுத்துப் போடுகிற லோடர், டிரைவர். பின்னால் வந்த டி-72 டேங்கில் குண்டு போடும் வேலையை மெஷினே செய்கிறதால் மூன்று பேர். அர்ஜுனில் மறுபடியும் நாலு பேர். டிரைவர் முன்னால் தாழ்வில் தனியே உட்காருகிறார். முன்னால் இருக்கிற பாதைதான் அவருக்குத் தெரியும். கன்னருக்குக் குறிக்கண்ணாடியில் தெரிகிற சின்ன வட்டம். கமாண்டர் மேலே இருப்பதால் சுற்றிலும் பார்ப்பார், ஆனால் சக்கரத்தின் கீழே இருக்கிற பள்ளம் அவருக்குத் தெரியாது. மூன்று பேரும் மூன்று விதமாய்ப் பார்த்து, காதில் மாட்டின கருவியில் பேசிக்கொண்டே போகிறார்கள். எல்லாரும் கமாண்டர் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு "ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா" என்றால் வண்டி எங்கே போய் நிற்கும்? தலைவனுக்குத் தெரியாததைப் பார்க்கிறவன் பக்கத்தில் வேண்டும். நம்ம ஊர்க்காரன் நாம் பார்ப்பதைத்தான் பார்ப்பான், அதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிப்பும் சொல்லிவிடுகிறேன். முறுமுறுக்கிறவனுக்கெல்லாம் பதவி கொடு என்று நான் சொல்லவில்லை. கோராகும் முறுமுறுத்தான், எண்ணாகமம் 16-ம் அதிகாரம், பூமி வாயைத் திறந்து விழுங்கிற்று. அவன் கேட்டது தன் நாற்காலிக்காக. எருசலேமில் எழும்பின சத்தம் பசித்த விதவைக்காக. யாராவது குறை சொல்லிக்கொண்டு வந்தால், யாருக்காகப் பேசுகிறார் என்று பொறுமையாய்க் கேளுங்கள். தனக்காகவா, வாய் இல்லாத இன்னொருத்தருக்காகவா? இரண்டாவது வகை ஆளாய் இருந்தால், அவர் பேச்சு கொஞ்சம் காரமாய் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

தோர்ணக்கல்லில் ஒரு தமிழர்

நம்முடைய தமிழ் ஜனத்திலிருந்தே இதற்கு ஒரு சாட்சி உண்டு. வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் ஒரு போதகருக்கு மகனாய்ப் பிறந்தவர். நம்மில் சிலர், "அவர் ஆங்கிலிக்கன் பிஷப் ஆச்சே, நம்ம பெந்தெகொஸ்தே இல்லையே" என்பார்கள். இருக்கட்டும். ஆத்தும பாரம் யாரிடம் இருந்தாலும் கற்றுக்கொள்வோம்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. காரியதரிசியாய் ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருந்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்ச் சபையார் தாங்களே மிஷனெரியை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். இத்தனை பெரிய திருநெல்வேலிச் சபை அப்படி ஒருவரையும் அனுப்பவில்லையே என்று உள்ளம் குத்தப்பட்டது. அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், இந்திய மிஷனெரி சங்கம் எழும்பிற்று. 1905 டிசம்பர் 25-ல் வங்காளத்து சேராம்பூரில், வில்லியம் கேரியின் பழைய நூலகத்தில் கூடி, நேஷனல் மிஷனெரி சொசைட்டி ஆரம்பித்தவர்களிலும் அவர் ஒருவர். 1909-ல் பெரிய உத்தியோகத்தை விட்டுத் தாமே மிஷனெரியாய்த் தோர்ணக்கல்லுக்குப் போனார். நாம் சென்ட்ரலில் டெல்லி ரயில் ஏறினால், விஜயவாடா தாண்டி வாரங்கல்லுக்கு முன்னால் அந்த ஜங்ஷன் வரும். அப்போது அது நிஜாம் ராஜ்யம். பாஷை தெலுங்கு. அவர் தமிழர். உட்கார்ந்து தெலுங்கு படித்தார்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அவரைப் பிஷப்பாக ஏற்படுத்தினார்கள். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பிஷப் அவரே. அது சுலபமாய் நடக்கவில்லை. ஒரு இந்தியர் கீழே நாங்கள் எப்படி வேலை செய்வது என்றார்கள் வெள்ளைக்கார மிஷனெரிகளில் சிலர். நம்ம இந்தியக் கிறிஸ்தவர்களிலேயே சிலர் அவருடைய ஜாதியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அப்போது சென்னைப் பிஷப்பாய் இருந்த ஹென்றி வைட்ஹெட் என்ற ஆங்கிலேயர் பின்வாங்கவில்லை. இந்த மனுஷன்தான் என்று நின்றார். தன் இனத்தைத் தாண்டி ஆளைப் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது.

அப்படி எடுக்கப்பட்ட அசரியா தன் முறை வந்தபோது யாரை எடுத்தார்? இதுதான் நமக்கு வேண்டியது. திருநெல்வேலியில் வேதம் தெரிந்த, பாடத் தெரிந்த, பள்ளிக்கூடம் படித்த வாலிபர் அநேகர் இருந்தார்கள். அவர் ஜனம், அவர் பாஷை. அவர்களை ரயிலேற்றி வரவழைத்துப் பதவிகளை நிரப்பியிருக்கலாம். ஆரம்பத்தில் அங்கிருந்து ஊழியர் போனதும் உண்மை. ஆனால் அவர் கண் அந்தத் தெலுங்குக் கிராமத்து ஜனத்தின்மேல் இருந்தது. இரட்சிக்கப்பட்டவர்களில் அநேகர் மாலா, மாதிகா ஜனங்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடப்படாதவர்கள். அந்த இரண்டு ஜனத்துக்கு நடுவிலும் பெரிய பிரிவினை. அநேகருக்கு எழுத்து வாசனை இல்லை. அவர்களிலிருந்தே உபதேசியார்களையும் போதகர்களையும் எழுப்பினார். மண்ணின் ஜனத்தை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்துக் கையில் வேலையைக் கொடுத்தார். ஞானஸ்நானம் எடுக்க வந்தவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கை வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலின் வார்த்தையை அறிக்கையிடச் செய்வாராம். அதாவது சபையில் சேருகிற அன்றைக்கே அவன் ஊழியக்காரன். பார்வையாளன் என்று ஒருத்தன் இல்லை.

இன்னொன்றும் செய்தார். கலியாணமான ஒருவர் பயிற்சிக்கு வந்தால் மனைவியும் கூட வர வேண்டும். அவளுக்கும் பாடம். இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் புஸ்தகத்தை மூடி வைத்து யோசித்தேன். நாம் ஒரு சகோதரனை மூப்பராய் ஏற்படுத்துகிறோமே, அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கிறோமா? ராத்திரி பத்து மணிக்கு யாராவது கதவைத் தட்டினால் எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறது அந்தச் சகோதரிதானே? அவர் வீட்டில் எப்படி இருக்கிறார் என்பதும் அவளுக்குத்தானே தெரியும்? 1 தீமோத்தேயு 3-ம் அதிகாரத்தில் பவுல் வீட்டை நடத்துகிற விதத்தைக் கேட்கிறார். அதை யாரிடம் விசாரிப்பது? பக்கத்து வீட்டிலா? ரோமர் 16-ம் அதிகாரத்தில் பெபேயாளைப் பற்றி அவர் எழுதுகிற மரியாதையையும் வாசித்துப் பாருங்கள். நம்ம சபைகளில் உபவாச ஜெபம், வீட்டுக் கூட்டம், ஆஸ்பத்திரி சந்திப்பு எல்லாவற்றையும் தாங்குவது சகோதரிகள். ஆலோசிக்கிற இடத்தில் மட்டும் அவர்கள் காபி கொண்டு வைத்துவிட்டுப் போய்விட வேண்டும்!

அசரியா 1945 ஜனவரி 1-ம் தேதி தோர்ணக்கல்லிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் போய்ச் சேர்ந்தபின் சபை கலைந்துவிடவில்லை. இன்றைக்கும் தென்னிந்தியத் திருச்சபையில் தோர்ணக்கல் ஒரு அத்தியட்சாதீனமாய் நிற்கிறது. ஊழியர்களை அந்த மண்ணிலேயே வேர்விடச் செய்துவிட்டுப் போயிருந்தார்.

முதலில் சோதியுங்கள்

நல்ல பக்கத்திலிருந்து எடுத்தால் போதுமா என்றால், போதாது. ஆளைச் சோதிக்க வேண்டும். முதலில் சோதித்துப் பிறகு ஊழியத்தில் வையுங்கள், ஒருவன்மேல் அவசரப்பட்டுக் கை வைக்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு இரண்டு இடத்தில் எழுதுகிறார். அந்தத் தீமோத்தேயுவையே பவுல் எப்படி எடுத்தார்? அப்போஸ்தலர் 16. லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும், இரண்டு ஊர் சகோதரர்களும் அவனைக் குறித்து நல்ல சாட்சி சொன்னார்கள். சொந்த ஊரில் மட்டும் கேட்டால் மாமன் மச்சான் சாட்சிதான் கிடைக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன லேத்துப் பட்டறை வைத்திருக்கிற ஒரு சகோதரர் என்னிடம் சொன்னார். வேலை கேட்டு வருகிற பையனிடம் சர்டிபிகேட்டைக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பாராம். வெர்னியரைக் கையில் கொடுத்து ஒரு ஜாபை அளக்கச் சொல்வாராம். அளப்பதற்கு முன்னால் வாயை மூடிப் பார்த்து, சைபர் சரியாய் நிற்கிறதா என்று பார்க்கிறானா? பிறகு மெஷினை ஓட்டச் சொல்வார். ஜாபை இறுக்கினபின் சக் கீயைக் கழற்றிக் கீழே வைக்கிறானா, சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைத் தட்டப் போகிறானா? விட்டுவிட்டு ஓட்டினால் அது பறந்து வந்து பக்கத்தில் நிற்கிறவன் முகத்தில் அடிக்கும். "பாஸ்டர், வேலை தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்துடலாம். பக்கத்துல நிக்கிறவனைப் பத்தி நெனைக்காதவனுக்கு ஒண்ணும் சொல்லிக் கொடுக்க முடியாது" என்றார். இதைவிட நல்ல வேதபாடம் எனக்குத் தெரியவில்லை. சபையிலும் அப்படியே சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கூட்டம் முடிந்தபின் நாற்காலியை யார் அடுக்குகிறார்கள், மைக் கிடைக்காத அன்றைக்கும் யார் சீக்கிரம் வருகிறார்கள், தன்னைக் குறித்து அறிவிப்பில் சொல்லாவிட்டால் முகம் எப்படிப் போகிறது? ஆறு மாதம் பார்த்தால் தெரிந்துவிடும்.

பணத்தில் மட்டும் ஒருவரையும் தனியாய் விடாதீர்கள், அவர் எவ்வளவு பரிசுத்தவானாய் இருந்தாலும். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தீத்துவை அனுப்புகிறார், கூடவே சபைகளால் எடுக்கப்பட்ட வேறு சகோதரரையும் அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையில் எங்களை யாரும் குற்றம் சொல்ல இடமிருக்கக்கூடாது என்று 2 கொரிந்தியர் 8-ல் வெளிப்படையாய் எழுதுகிறார். பவுலுக்கே இந்தப் பயம் இருந்தது! நெகேமியா களஞ்சியத்துக்கு ஆள் வைத்தபோது ஒரு ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன், உதவிக்கு இன்னொருவன் என்று நாலு பேரை வைத்தான், 13-ம் அதிகாரம். காணிக்கையை வேறு வேறு வீட்டைச் சேர்ந்த மூன்று பேர் அந்த இடத்திலேயே எண்ணி நோட்டில் கையெழுத்துப் போடட்டும். இதை அவிசுவாசம் என்று சொல்லுகிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

"ஆண்டவர் ராமுழுவதும் ஜெபித்துத்தானே பன்னிரண்டு பேரை எடுத்தார், யூதாஸ் எப்படி வந்தான்?" என்று ஒரு வாலிபத் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. இயேசு அறிந்தேதான் அவனை வைத்திருந்தார் என்று யோவான் 6-ம் அதிகாரம் கடைசியில் இருக்கிறது, அது மீட்பின் இரகசியம். நமக்கு இருதயம் தெரியாது. ஆகையால் நாம் ஜெபிக்கவும் வேண்டும், எண்ணவும் வேண்டும்.

சொந்தக்காரரை எடுக்கவே கூடாதா என்றும் கேட்கிறார்கள். நெகேமியா எருசலேமின் காவலுக்குத் தன் சகோதரன் ஆனானியை வைத்தான். ஏன் என்று 1-ம் அதிகாரத்தில் போய்ப் பாருங்கள். மதில் இடிந்து கிடக்கிறது என்று யூதாவிலிருந்து வந்து சொன்ன ஆள் இந்த ஆனானி. பதவி வருமுன்பே பாரம் அவனுக்கு இருந்தது. கூடவே அனனியா என்ற வேறொருவனையும் நெகேமியா வைத்தான். உங்கள் மச்சானுக்கும் அப்படிப் பாரம் இருந்தால் வையுங்கள்; பக்கத்தில் ஒரு அனனியாவையும் வையுங்கள்.

கடைசியாக மாற்கு என்னும் யோவான். பம்பிலியாவிலே ஊழியத்தைப் பாதியில் விட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்ட பையன். அடுத்த பயணத்துக்கு அவனை எடுக்கலாம் என்றார் பர்னபா. வேண்டாம் என்றார் பவுல். இரண்டு அபிஷேகிக்கப்பட்ட ஊழியக்காரர் இதற்காகப் பிரிந்தே போனார்கள். யார் சரி? என் அபிப்பிராயம், அந்தப் பயணத்துக்கு அவன் தாங்கமாட்டான் என்று பவுல் நினைத்ததில் நியாயம் இருந்தது. அதற்காக அவனை அப்படியே விட்டுவிட்டிருந்தால் பெரிய நஷ்டம். மாற்கு பர்னபாவுக்கு இனத்தான்தான், கொலோசெயர் 4-ல் இருக்கிறது. ஆனாலும் பர்னபா அவனைப் பதவியில் உட்கார வைக்கவில்லை, கூடவே கப்பலில் சீப்புருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வருஷங்கள் கழித்து, சிறையில் கடைசி நாட்களில், பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு ஊழியத்தில் உதவியானவன் என்ற கருத்தில் எழுதுகிறார்.

உங்கள் சபையிலும் பாதியில் விட்டுப் போன ஒரு தம்பி இருப்பான். வேலை, கடன், வீட்டுப் பிரச்சனை, இல்லையென்றால் யாரோ சொன்ன ஒரு வார்த்தை. இப்போது கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி முடியுமுன் எழுந்து போய்விடுகிறான். புது வருஷப் பொறுப்புகளுக்குப் பெயர் எழுத உட்காருமுன், இந்த வாரமே அவன் வீட்டுக்கு ஒரு தரம் போய் வாருங்கள். பதவி எதுவும் பேச வேண்டாம். சாப்பிட்டியாப்பா என்று கேளுங்கள், அவன் சொல்லுவதைக் கேளுங்கள், சின்னதாய் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வாருங்கள். மாரநாதா!